வெங்கச்சங்கல் போகும் வழி

"ஊர்ல எல்லா வீட்டுக்கும் பார்த்துச் சொல்றீங்க. என் வீட்டுக்கு மட்டும் ஏன் டீச்சர் பார்க்க மாட்டேங்கறீங்க?"

ராக்கியண்ணன் இதைக் கேட்டபோது தமயந்தி தரையில் குந்தி உட்கார்ந்து, நிலத்தடி நீர் பார்க்கும் மீட்டரில் எண் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்தக் கடைசிக் கம்பியைப் பிடுங்கிட்டு வாங்கண்ணா," என்றாள்.

அவர் போய்ப் பிடுங்கி, மண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

அவருக்கு வயது ஐம்பத்தெட்டு. அவளுக்கு முப்பத்தாறு. அவள் குரு, அவர் சீடர். இதைச் சொல்லிச் சிரிக்காதவர் அந்த வட்டாரத்தில் இல்லை.

*

இருபத்தாறு வருடம் ராக்கியண்ணன் தேங்காய் வைத்து நீரோட்டம் பார்த்தவர்.

உள்ளங்கையில் தேங்காயைப் படுக்க வைத்துக்கொண்டு நிலத்தில் நடப்பார். ஓரிடத்தில் தேங்காய் எழுந்து நிற்கும். அங்கே குதிகாலால் ஒரு வட்டம் போடுவார். போர் வண்டி வந்து அந்த வட்டத்தில் துளை போடும்.

பத்தில் ஆறேழு இடத்தில் தண்ணீர் வந்தது. வராத இடத்தில், வீட்டுக்காரர் ஜாதகத்தில் நீர் ராசி இல்லை என்பார்.

பாறைமேட்டு நகரில் மனை வாங்கி வீடு கட்டினார். தன் வீட்டிலும் வட்டம் போட்டார். ஐந்நூறு அடி போனது. தண்ணீர் இல்லை, பாறைத்தூள்தான் புகையாக வந்தது. இன்னொரு வட்டம் போட்டார். எழுநூறு அடி. அதிலும் புகைதான்.

யாரும் அவரிடம் ஜாதகத்தைப் பற்றிக் கேட்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்து விட்டுவிட்டார்கள்.

பக்கத்து மனை பாவாயியுடையது. இட்லி மாவு ஆட்டிக் கடைகளுக்குக் கொடுக்கிறவள். அவர் அங்கே குடி வருவதற்கு முன்பே அவளுக்கு வட்டம் போட்டுக் கொடுத்ததும் ராக்கியண்ணன்தான். அதில் நல்ல தண்ணீர். நாலு கிரைண்டரும் அந்தத் தண்ணீரில்தான் சுற்றின.

தினமும் காலை ஆறு மணிக்கு பாவாயி சுவருக்கு மேல் குழாயைத் தூக்கிப் போடுவாள். அரை மணி நேரம். ராக்கியண்ணன் வீட்டுக் குடமும் டிரம்மும் அதில்தான் நிறையும்.

யாரும் போய்க் கேட்டதில்லை. அவளாகவே போட ஆரம்பித்தாள்.

தண்ணீரோடு ஒரு வார்த்தையும் சேர்ந்து வரும்.

"நீரோட்டக்காரரே, தண்ணி வந்துருச்சு. தேங்காயெல்லாம் வேண்டாம், குடத்தை மட்டும் எடுத்துக்கிட்டு வாங்க."

அவர் மனைவி ராஜாமணி சிரித்துக்கொண்டே குடத்தை வைப்பாள். ராக்கியண்ணன் அந்த அரை மணி நேரமும் உள்ளேயே இருப்பார்.

*

தமயந்தி கல்லூரியில் நிலவியல் சொல்லிக்கொடுத்தவள். வேலையை விட்டுவிட்டு மீட்டரையும் நாலு சுருள் வயரையும் எடுத்துக்கொண்டு ஊர் ஊராகத் தண்ணீர் பார்க்கக் கிளம்பினாள்.

ஒரு மில்காரர் வீட்டில் இருவரையும் ஒரே நாளில் வரவழைத்திருந்தார்கள். ஒருவர் சொல்வதை மற்றவரை வைத்துச் சரிபார்க்கலாம் என்பது மில்காரருடைய எண்ணம்.

வேலை முடிந்து மரத்தடியில் உட்கார்ந்திருந்தபோது தமயந்தி கேட்டாள்.

"தேங்காயைக் கையில எடுக்கறதுக்கு முன்னாடி என்ன பண்ணுவீங்கண்ணா?"

"சும்மா ஒரு சுத்து சுத்தி வருவேன்."

"சுத்தறப்ப எதைப் பார்ப்பீங்க?"

இப்படி யாரும் அவரிடம் கேட்டதில்லை. யோசித்தார்.

"புத்து எங்க இருக்குதுன்னு பார்ப்பேன். கோடையிலயும் பச்சை வாடாத செடி எதுன்னு பார்ப்பேன். அக்கம்பக்கத்துக் கிணத்துல எட்டி, கல்லு என்ன நிறம்னு பார்ப்பேன்."

"அப்புறம்?"

"அப்புறம் தேங்காயை எடுப்பேன்."

"அதுக்குள்ள உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்."

ராக்கியண்ணன் தேங்காயைப் பார்த்தார். அன்று அவருடைய வட்டத்துக்கும் அவள் அடித்த முளைக்கும் நாலடிதான் வித்தியாசம்.

மறுநாள் காலையில் அவள் வீட்டு வாசலில் போய் நின்றார்.

"கத்துக்கணும் டீச்சர்."

"எதை?"

"தேங்காய் இல்லாம பார்க்கறதை."

"கல்லு பொறுக்குவீங்களா?"

"எத்தனை நாளைக்கு?"

"அதைக் கேக்கறதை நீங்க நிறுத்தற வரைக்கும்."

*

ஆறு மாதம் கல் பொறுக்கினார்.

போர் வண்டி ஓடும் இடங்களில் துளையிலிருந்து பறந்து வரும் துகளைச் சல்லடையில் பிடித்து, கழுவி, தாளில் மடித்து, எத்தனையாவது ராடு என்று எழுதிக் கொடுக்க வேண்டும். ஒரு ராடு இருபது அடி. கறுப்புத் துகள், சிவப்புத் துகள், உப்பு மிளகு கலந்த மாதிரி ஒரு துகள், அப்புறம் வெள்ளை வெளேரென்று வெங்கச்சங்கல்.

"வெங்கச்சங்கல் வந்தா என்னண்ணா அர்த்தம்?"

"கல்லு உடைஞ்சிருக்குன்னு அர்த்தம். உடைஞ்ச இடத்துல தண்ணி நிக்கும்."

"யார் சொன்னது?"

"நீங்கதான்."

"நான் சொன்னா ஆச்சா?"

அவளிடம் கேட்டால் கேள்விதான் திரும்பி வரும். வீட்டில் ராஜாமணியிடம் சொல்லிக் குறைப்பட்டார்.

"அந்தப் பொண்ணு ஒரு பதிலும் சொல்றதில்ல."

"நீங்க எனக்கு முப்பது வருசமா சொன்னீங்களா?" என்றாள் ராஜாமணி.

ஒருநாள் ராக்கியண்ணன் தன் பழைய பாடத்தைத் தமயந்தியிடம் ஒப்பித்தார்.

"ஊத்துக்கண்ணு ஒவ்வொண்ணும் தனி டீச்சர். இவன் கண்ணு இவனுக்கு, அவன் கண்ணு அவனுக்கு. எங்கப்பன் காலத்துல இருந்து இதுதான் கணக்கு. அதனாலதான் வட்டம் போடறோம்."

 தமயந்தி அவரைக் கூட்டிக்கொண்டு போய்க் கோயில் கரட்டின் அடிவாரத்தில் நிறுத்தினாள். பாறையில் முழங்கை அகலத்துக்கு வெங்கச்சங்கல் ஓடிக்கொண்டிருந்தது.

"இது எங்க போய் முடியுதுன்னு பார்த்துட்டு வாங்க."

காலையில் புறப்பட்டவர் வெயில் சாயும்போது திரும்பினார். செருப்பு அறுந்திருந்தது.

"ரயில்வே கேட் வரைக்கும் போகுது டீச்சர்."

"அங்க முடிஞ்சிருச்சா?"

"இல்ல."

"அப்ப ஏன் நின்னீங்க?"

"அதுக்கு அந்தப் பக்கம் வேற ஊரு."

தமயந்தி சத்தம் போட்டுச் சிரித்தாள். எதற்குச் சிரித்தாள் என்று அவருக்குத் தெரியவில்லை. மரியாதைக்குத் தானும் சிரித்தார்.

*

இரண்டு வருடம் போனது. கம்பி அடிக்கவும் வயர் இழுக்கவும் எண் குறிக்கவும் அவரில்லாமல் அவளுக்கு ஆகாது என்ற நிலை வந்தது. ஆனாலும் அவர் தன் வீட்டைப் பற்றிக் கேட்டால் அந்தக் கடைசிக் கம்பியைப் பிடுங்கச் சொல்வாள்.

இந்த முறை அவர் விடவில்லை. பிடுங்கிய கம்பியோடு முன்னால் நின்றார்.

"இன்னைக்குச் சொல்லணும் டீச்சர்."

"உங்க மனையில நீளம் பத்தாதுண்ணா. ஆழத்துல இருக்கறதைப் பார்க்கணும்னா கம்பியைத் தள்ளித் தள்ளி அடிக்கணும். இருநூறடி நேர்கோடு வேணும். கிழக்கால ரோடு இருக்கு. மேற்கால பாவாயி அக்கா வீட்டுக்குள்ள போகணும்."

"அவங்க வீட்டுக்குள்ளயா?"

"நாலு கம்பி. ஒரு மணி நேரம். கேட்டா விடுவாங்க."

"நீங்க கேளுங்களேன்."

"வீடு என்னுதில்லையே."

ராக்கியண்ணன் கம்பியைக் கீழே வைத்தார்.

"ஏற்கெனவே அவங்க தண்ணியக் குடிச்சுக்கிட்டுத் தலைகுனிஞ்சு கிடக்கறேன். இன்னொண்ணும் போய்க் கேக்க மாட்டேன்."

"அப்ப நானும் பார்க்க மாட்டேன்," என்றாள் தமயந்தி. கோபமாகச் சொல்லவில்லை. வயரைச் சுற்றிக்கொண்டே சொன்னாள்.

*

மாசி மாதம் பாவாயிக்கு இரண்டு கல்யாண மண்டபங்களின் மாவு ஆர்டர் கிடைத்தது. அரை மணி நேரம் கால் மணி நேரமாகக் குறைந்தது.

"கோவிச்சுக்காதீங்க நீரோட்டக்காரரே," என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது. "அரிசி ஊறணும், உளுந்து ஊறணும். நீங்க ரெண்டு நாளைக்கு ஒருக்கா குளிச்சா ஒண்ணும் ஆயிராது."

அன்று ராக்கியண்ணன் குளிக்காமல் வெளியே கிளம்பினார்.

கோயில் கரட்டுக்குப் போனார். வெங்கச்சங்கல் ஓட்டத்தின் மேல் நின்று திசை பார்த்தார். அன்று ரயில்வே கேட் பக்கம் போனவர், இன்று எதிர்ப்பக்கமாக இறங்கி நடந்தார். சாக்கடைக்கு வெட்டிய குழியில் அது தெரிந்தது. மேஸ்திரி சின்ராசு புதிதாகக் கட்டும் வீட்டின் அஸ்திவாரக் குழியில் மறுபடி தெரிந்தது. இரண்டு இடத்துக்கும் நூல் பிடித்த மாதிரி கோடு இழுத்தால், அது அவருடைய மனையின் தென்மேற்கு மூலைக்கு வந்தது.

 இரண்டு தடவையும் அவர் வட்டம் போட்டது வடகிழக்கு மூலையில். தண்ணீர் ஈசானியத்தில் இருக்க வேண்டும் என்று போட்டது.

தென்மேற்கு மூலையில், பாவாயியின் காம்பவுண்டு சுவரிலிருந்து ஐந்தடி தள்ளி, ஒரு கல்லை நட்டார்.

*

போர் வண்டி காலை ஏழு மணிக்கு வந்தது. பின்னாலேயே கம்ப்ரஷர் வண்டி. டிரில்லர் குப்புராஜ் ராக்கியண்ணனுக்குப் பழக்கமானவன். அவர் போட்ட வட்டங்களில் நூறு துளையாவது போட்டிருப்பான்.

"என்னண்ணா, வட்டத்தைக் காணோம். கல்லு நிக்குது?"

"இது வேற கணக்கு குப்பு."

"கணக்கு எதா இருந்தா என்ன. தண்ணி வந்தா எனக்குக் கறிச்சோறு. வரலைன்னா சாம்பார். ரெண்டும் பழக்கம்தான்."

பாறை குடையும் பிட்டுக்கு மஞ்சள் பூசினார்கள். ராஜாமணி சூடம் காட்டினாள். தெருவிலிருந்து ஏழெட்டுப் பேர் வந்து நின்றார்கள்.

தமயந்தி வந்தாள். மீட்டர் இல்லை. கையில் ஒரு வெள்ளைப் பீங்கான் தட்டு மட்டும் வைத்திருந்தாள்.

நட்ட கல்லைப் பார்த்தாள். கிழக்கே திரும்பிக் கரட்டைப் பார்த்தாள்.

"எப்படிப் பிடிச்சீங்க?"

அவர் சொன்னார். கரடு, சாக்கடைக் குழி, அஸ்திவாரம், மூலை.

"சரியாப் பிடிச்சிருக்கீங்கண்ணா."

இரண்டு வருடத்தில் அவள் வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தை வந்ததில்லை. ராக்கியண்ணன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அப்புறம் எங்க போகுது?" என்றாள்.

"எது?"

"கல்லு."

அதற்குள் கம்ப்ரஷர் உறுமியது. அந்தச் சத்தத்தில் பதில் சொல்ல வேண்டியதில்லாமல் போனது.

தமயந்தி தட்டை எடுத்துக்கொண்டு கேட்டைத் தாண்டி, பக்கத்து வீட்டுக்குள் போனாள்.

*

மூன்று ராடு வரை செம்மண்ணும் சுக்கான் கல்லும். கேசிங் பைப் இறக்கினார்கள். அப்புறம் பாறை.

ராக்கியண்ணன் ஒரு செங்கல்லின் மேல் ஏறிச் சுவருக்கு அந்தப் பக்கம் பார்த்தார்.

பாவாயியின் பின்கட்டில் தமயந்தி முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. தொட்டிக்கு ஏற்றாமல் தண்ணீரை நேராக வாளியில் விட்டிருந்தார்கள். அவள் தட்டில் கொஞ்சம் பிடித்தாள், பார்த்தாள், கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றினாள். மறுபடி பிடித்தாள்.

"டீச்சர், கேசிங் இறக்கியாச்சு! வாங்க!"

"நீங்க அங்க பாருங்கண்ணா. நான் இங்க பார்க்கறேன்."

"அங்க என்ன இருக்குது பார்க்க?"

பாவாயிதான் பதில் சொன்னாள். "காபி குடிக்க வந்தாங்கன்னு நினைச்சேன். பார்த்தா என் தண்ணிக்கு ஜோசியம் பார்க்கறாங்க. மோட்டாரை நிறுத்தாதீங்கன்னு வேற சொல்றாங்க. உங்க குருவுக்கும் உங்களுக்கும் ஒரே கிறுக்குத்தான் போல."

ஏழாவது ராடு. புகை. தெரு முழுக்க வெள்ளையாகப் படர்ந்தது. வேடிக்கை பார்த்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகினார்கள்.

ஒருவர் சொன்னார். "தேங்காய் இருந்தப்பவும் புகை. தேங்காய் இல்லாதப்பவும் புகை."

ராக்கியண்ணன் காதில் வாங்காத மாதிரி சல்லடையைப் பிடித்தார்.

எட்டாவது ராடில் துகள் மாறியது. கறுப்போடு வெள்ளை கலந்தது. உள்ளங்கையில் வைத்து வெயிலில் காட்டினார். வெங்கச்சங்கல். கூடவே காக்காப்பொன் மினுக்கியது.

மறுபடி செங்கல் மேல் ஏறினார்.

"டீச்சர்! வெள்ளை வந்துருச்சு! வந்து பாருங்க!"

தமயந்தி தட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நீங்க இங்க வாங்க," என்றாள்.

"என் குழி இங்கல்ல இருக்குது!"

அவள் தட்டை ஊற்றிவிட்டு மறுபடி பிடித்தாள்.

அவருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இரண்டு வருடம் இவளுக்குக் கம்பி சுமந்தேன். என் வீட்டில் துளை போடுகிற நாளில் அடுத்த வீட்டில் உட்கார்ந்து காபி குடிக்கிறாள். செங்கல்லிலிருந்து இறங்கினார். இனி கூப்பிடுவதில்லை என்று வைத்துக்கொண்டார்.

ஒன்பதாவது ராடில் துகள் ஈரமானது. புகை அடங்கி, களி மாதிரி கட்டி கட்டியாக விழுந்தது. பதினொன்றில் வாய் கொப்பளிக்கிற மாதிரி தண்ணீர் துப்பியது. பதின்மூன்று பாதி இறங்கியபோது துளையிலிருந்து சாம்பல் நிறத்தில் ஆள் உயரத்துக்குப் பீச்சியது.

தெரு கைதட்டியது. ராஜாமணி இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள்.

"அண்ணா, கறிச்சோறு!" என்று கத்தினான் குப்புராஜ். "இன்னும் அஞ்சாறு ராடு போட்டுடலாம். இந்தத் தெருவுக்கே ஊத்தலாம்!"

ராக்கியண்ணன் நனைந்துகொண்டு நின்றார். இருபத்தாறு வருடத்தில் எத்தனையோ வீட்டில் இப்படித் தண்ணீர் எழும்பிப் பார்த்திருக்கிறார். அப்போதெல்லாம் யாராவது ஓடிவந்து அவர் காலைத் தொடுவார்கள்.

கோபம் இருந்த இடம் தெரியவில்லை. ஈரத் துகளை ஒரு கை அள்ளிக்கொண்டு, கேட்டைத் திறந்து, ஓட்டமும் நடையுமாகப் பக்கத்து வீட்டுக்குப் போனார். ஒரு துக்கத்துக்குப் போனதைத் தவிர, வீடு கட்டி வந்த பிறகு அவர் அந்த வாசலுக்குள் நுழைவது அதுதான் முதல் தடவை.

*

பின்கட்டில் பாவாயி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"வாங்க நீரோட்டக்காரரே, நல்ல சமயத்துல வந்தீங்க. இதென்னன்னு பாருங்க. திடீர்னு குழாய் இருமுது. காத்தா வருது. அப்புறம் இப்படி வருது. மோட்டார் போயிருச்சா? பத்து மணிக்கு அரிசி நனைக்கணும்."

வாளி நிறையச் சாம்பல் நிறத் தண்ணீர்.

தமயந்தி தட்டை முழங்கால் மேல் வைத்திருந்தாள். அடியில் மெல்லிய மண்டி படிந்திருந்தது. வெள்ளை. நடுநடுவே காக்காப்பொன் மினுக்கியது.

ராக்கியண்ணன் தன் கையைத் திறந்தார். உள்ளங்கையில் இருந்ததைப் பார்த்தார். தட்டில் இருந்ததைப் பார்த்தார்.

"எப்ப இருந்து டீச்சர்?"

"எட்டாவது ராடுல லேசா ஆரம்பிச்சுது. பதினொண்ணுல கூடிருச்சு."

"சொல்லலையே."

"வரச் சொன்னேன்."

சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ விசிலடித்தார்கள். போர் வண்டியின் அதிர்வில் வாளித் தண்ணீர் வளையம் வளையமாக ஆடியது.

"இன்னும் அஞ்சு ராடு போட்டா எனக்கு நல்லா வருமா?"

"வரும்."

"சித்திரையில?"

"அப்பவும் வரும்."

"இங்க?"

தமயந்தி தட்டைத் தரையில் வைத்தாள்.

"தண்ணி இறங்கறப்ப ஆழமா இருக்கறவங்க கைக்குத்தான்ணா போகும்."

"நிச்சயமா?"

"எனக்குத் தெரிஞ்ச வரைக்கும்."

பாவாயி இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். மாவுக்காரி. அளந்து அளந்து பழகியவள். அவளுக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"ஓஹோ," என்றாள்.

 பிறகு குரல் உயர்ந்தது.

"ஏனுங்க, நான் குழாயைப் போட்டுத் தண்ணி குடுத்தேன். நீங்க குழாயில்லாமலே எடுத்துக்கறீங்களா? கேலி பேசுனேன்தான், இல்லைங்கல. ஒரு நாளாச்சும் போடாம இருந்தேனா? எங்கூட்டுக்காரர் செத்த அன்னைக்குக்கூட, வந்த சனத்துக்கு நடுவுல எந்திரிச்சு வந்து போட்டேன். ராஜாமணியக் கேட்டுப் பாருங்க."

அவர் கேட்க வேண்டியதில்லை. அன்றைக்கு வந்த குடங்களை அவரும்தான் தூக்கினார்.

"எனக்குத் தெரியாது பாவாயி," என்றார். அவள் குழாய் போட ஆரம்பித்த பிறகு அவர் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

"எது தெரியாது?"

அவர் கிழக்கிலிருந்து மேற்கே கண்ணை ஓட்டினார். தன் மனையின் தென்மேற்கு மூலையில் கல் நட்ட இடம். சுவர். சுவருக்கு இந்தப் பக்கம் பாவாயியின் போர். அவர் குதிகாலால் வட்டம் போட்ட இடம். அதற்குப் பின்னால் வேலி. வேலிக்குப் பின்னால் யாருடையதோ ஒரு சோளக்காடு. நடுவில் வெள்ளையாக ஒரு கல் தலை நீட்டிக்கொண்டிருந்தது.

எல்லாம் ஒரே கோட்டில் இருந்தன.

சுவருக்கு மேல் குப்புராஜின் தலை எழும்பியது. முகமெல்லாம் சேறு.

"அண்ணா, இங்க என்ன பண்றீங்க? பதிமூணு முடிஞ்சுது. பதினாலை மாட்டட்டுமா?"

ராக்கியண்ணன் தமயந்தியைப் பார்த்தார்.

அவள் தட்டில் இருந்ததைக் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றிக்கொண்டிருந்தாள்.

அவர் பாவாயியிடம் திரும்பினார்.

"உங்க போர் எத்தனை ராடு?"

"எதுக்கு? இன்னும் எத்தனை அடி போகலாம்னு பார்க்கறீங்களா?"

"சொல்லுங்க."

"ஒம்பது. நீங்கதான பக்கத்துல நின்னு எண்ணுனீங்க. அதுவும் மறந்து போச்சா?"

மறக்கவில்லை. அவர் வாயிலிருந்து வராமல் அவள் வாயிலிருந்து வர வேண்டியிருந்தது.

"குப்பு, வண்டியை நிறுத்து."

கம்ப்ரஷர் நின்றது. தெரு முழுக்கச் சத்தம் வடிந்துபோய், குழாயிலிருந்து வாளியில் விழும் தண்ணீர் மட்டும் கேட்டது.

"தண்ணி போதுமாண்ணா?"

"ராடு பூராவும் மேல எடு. எடுத்துட்டுக் கீழ இருந்து மூடிக்கிட்டு வா. அவங்களுதுக்குச் சமமா ஒம்பது ராடு ஆழம் மட்டும் இருக்கட்டும்."

குப்புராஜ் முகத்தில் இருந்த சேற்றை வழித்தான்.

"மறுக்கா சொல்லுங்க."

மறுபடி சொன்னார்.

"அண்ணா, ஒம்பதுல ஈரம்தான் இருந்துச்சு. குடம் நிறைய அரை நாள் ஆகும். இல்ல, அதுவும் வராமப் போகும். தண்ணி வர்ற ஓட்டையை இந்தப் பூமியில எவனாச்சும் மூடுவானா? மூணாவது தடவை போட்டு இப்பத்தான் வந்திருக்குது." சுவரைப் பிடித்துக்கொண்டு எக்கினான். "டீச்சர், நீங்களாச்சும் அவருக்குச் சொல்லுங்க."

தமயந்தி தட்டைக் கழுவினாள். முந்தானையால் துடைத்தாள். எழுந்து நின்றாள்.

பாவாயி போய் மோட்டாரை நிறுத்தினாள். இடுப்பிலிருந்த கை இறங்கியிருந்தது. 

குப்புராஜ் தலையை ஆட்டினான். 

"சரி, மூடறேன்," என்றான். "எதைப் போட்டு மூடறது?"

ராக்கியண்ணன் கையில் இருந்த துகளைச் சுவருக்கு மேல் நீட்டினார்.

"அதுல இருந்து வந்ததைப் போட்டு."